கோடு விழாத பானை

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் ஷோகேஸில் இருக்கும் பானைகளைப் பார்த்துவிட்டு முதலில் கேட்பது, இதில் தண்ணீர் நிற்குமா என்றுதான். நிற்காது என்பேன். அப்புறம் எதற்கு என்பார்கள். சும்மா பார்க்கத்தான் என்பேன். அதற்கு மேலும் துருவினால் எனக்குச் சுர்ரென்று ஏறிவிடும். உங்கள் வீட்டு டிவி மேல் இருக்கிற பிளாஸ்டிக் ரோஜாவில் வாசனை வருகிறதா என்று ஒரு சொந்தக்கார அம்மாவிடம் கேட்டு, அவர் சாப்பிடாமலே கிளம்பிப் போனதும் உண்டு. என் வாய் அப்படி. ஊர் வம்புக்கெல்லாம் நீளும். ஆனால் ஒரே ஒருத்தியிடம் கேட்க வேண்டிய ஒரே ஒரு கேள்வியைக் கேட்காமல் இரண்டு மாதத்துக்கு மேல் மூடிக்கிடந்ததும் அதே வாய்தான். அவள் என் ஓர்ப்படி, அதாவது என் வீட்டுக்காரருடைய தம்பி மனைவி. எங்களை விட்டு அவள் போகப்போகிறாள் என்று முடிவான பிறகு, கையோடு எடுத்துப்போகட்டும் என்று அவளுக்கு ஒரு பானை செய்தேன். அந்தப் பானையின் கதை இது.

ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியில், பெயின்ட் ஷாப்பில், இன்ஸ்பெக்‌ஷன் வேலை எனக்கு. பெயின்ட் அடித்து, சூட்டில் காய்ந்து வருகிற வண்டி, இரண்டு பக்கமும் டியூப் லைட் எரிகிற ஒரு கூண்டுக்குள் வந்து நிற்கும். நாங்கள் கையுறை போட்டுக்கொண்டு, கண்ணாலும் கையாலும் தடவித் தடவி, தூசி எங்கே, வழிசல் எங்கே, கீறல் எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும். சின்னக் குறையாக இருந்தால் அங்கேயே டச்-அப். பெரிதாக இருந்தால் மார்க் பண்ணித் திருப்பி அனுப்ப வேண்டும். பல வருஷம் இதையே செய்தால் கண் பழகிவிடும். வீட்டுக்கு வந்து அதைக் கழற்றி வைக்க முடியாது. கல்யாணத்துக்குப் போனால் பெண் மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கு முன்னால் மண்டபத்துத் தூணில் பெயின்ட் வழிந்திருப்பதைத்தான் பார்ப்பேன்.

தடவித் தடவியே வலது மணிக்கட்டில் வலி வந்தது. கம்பெனி டாக்டர் ரப்பர் பந்து வாங்கி அமுக்கச் சொன்னார். பந்து எனக்கு எரிச்சலாக இருந்தது. அமுக்கினால் அமுங்குகிறது, விட்டால் பழையபடி ஆகிவிடுகிறது, இதில் என்ன பிரயோஜனம் என்று தூக்கிப் போட்டுவிட்டேன். அப்போது வடக்குப்பட்டுப் பக்கம் ஒரு கம்பெனியின் காம்பவுண்டு சுவரை ஒட்டி, சென்னையிலிருந்து வந்த ஓர் அம்மா ஷெட் போட்டு ஞாயிற்றுக்கிழமைகளில் மண் வேலை சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். களிமண் பிசைந்தால் அமுக்கின மாதிரியும் ஆயிற்று, ஒரு பொருளும் கிடைத்த மாதிரி ஆயிற்று என்று போனேன். வலி அப்படியேதான் இருக்கிறது. மண் மட்டும் ஒட்டிக்கொண்டது.

அங்கே விதவிதமாகச் செய்தார்கள். எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று. நேக்கட் ராக்கு என்று அதற்குப் பெயர். பானையைக் கரண்டிக் குழியால் வழவழவென்று தேய்த்து, லேசாக ஒரு சூடு சுட்டு வைத்துக்கொள்ள வேண்டும். அதன் மேல் பொடிமணல் கலந்த களிக்குழம்பு ஒரு பூச்சு. அதற்கும் மேல், சூட்டில் கண்ணாடியாக உருகுகிற மருந்து ஒரு பூச்சு. பிறகு அடுப்பில் வைத்து, மருந்து உருகுகிற வரைக்கும் கேஸில் சுடுவது. பானை தணலாக இருக்கும்போதே இடுக்கியால் வெளியே எடுத்தால், காற்றுப் பட்டதும் மேல்பூச்சு வலை வலையாக வெடிக்கும். வெடித்த கையோடு, மரத்தூள் போட்ட தகர டப்பாவுக்குள் இறக்கி மூடிவிட வேண்டும். தூள் பற்றிக்கொண்டு புகையும். அந்தப் புகை வெடிப்பு வழியாக உள்ளே போய், பானையின் உடம்பில் கறுப்புக் கோடாக ஏறிவிடும். ஆறின பிறகு தண்ணீர் தெளித்தால் மேல்பூச்சு முழுவதும் அவித்த முட்டை ஓடு மாதிரி கழன்றுவிடும். மிச்சமிருப்பது வெறும் மண்ணும் புகை போட்ட கோடும்தான். அம்மணப் பானை என்று என் வீட்டுக்காரர் தெருவெல்லாம் சொல்லி மானத்தை வாங்கினார். அதனால் கேட்கிறவர்களிடம் நான் சட்டை உரிக்கிற பானை என்று சொல்லிக்கொள்கிறேன்.

பிடித்ததற்குக் காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. எங்கள் லைனில் வெடிப்பு என்று ஒன்று வந்தால் சூப்பர்வைசரிலிருந்து மேனேஜர் வரைக்கும் ஓடி வருவார்கள். இங்கே வெடிப்பு வரவில்லை என்றால்தான் பானை வீண். பூச்சு கெட்டியாகிவிட்டால் புகை நுழையாது, பானை வெள்ளையாகவே நிற்கும். மெலிந்துவிட்டால் ஓடு கழலாமல் ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும். வாரத்தில் ஆறு நாள் கீறலைத் தேடிப் பிடித்து ஒழிக்கிறவளுக்கு, ஏழாவது நாள் கீறல் வர வேண்டுமே என்று காத்திருப்பது ஒரு மாதிரி சுகமாக இருந்தது.

மண்ணூரில் எங்களுக்கு ஒரே மனையில் இரண்டு வீடு. ஒன்று எங்களுடையது, பக்கத்தில் இருப்பது என் கொழுந்தனாருடையது. பின்பக்கம் நடுவில் சுவர் கிடையாது, ஒரே தோட்டம். அங்கேதான் என் அடுப்பு. அடுப்பு என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். பழைய இரும்புக்கடையில் எடுத்த ஒரு டிரம். அடிப்பாகத்தை வெட்டி எறிந்துவிட்டு, உள்ளே சூடு தாங்குகிற பஞ்சுப் போர்வை சுற்றியிருக்கிறது. தரையில் அடுக்கின செங்கல் மேல் பானையை வைத்து, அதன் மேல் டிரம்மைக் கவிழ்த்து மூடி, கீழே ஒரு ஓட்டை வழியாக கேஸ் பர்னரை விடுவோம். பானையை எடுக்கும்போது டிரம்மை மேலே தூக்க வேண்டும். அதற்காக இரும்பு பைப்பில் ஒரு சட்டம் அடித்து, தூர்த்துவிட்ட கிணற்றின் ராட்டினத்தை அதில் மாட்டி, கயிறு போட்டிருக்கிறோம். ஒருத்தர் கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். இன்னொருத்தர் இடுக்கியால் பானையை எடுத்து மரத்தூளுக்குள் இறக்க வேண்டும். ஒற்றை ஆளால் ஆகிற வேலை இல்லை.

முதல் தடவை கயிற்றை என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தேன். அவர் கம்பெனி பஸ் டிரைவர். ஒரகடம் ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் பஸ் நிறைய ஆளை ஏற்றிக்கொண்டு போகிற மனுஷன். டிரம் ஒரு அடி எழும்பி, அனல் முகத்தில் அடித்ததும், கயிற்றை விட்டுவிட்டு ஓடியே போய்விட்டார். டிரம் பானை மேல் விழுந்து பானை தூள். மீசை கருகியதற்காக அவர் என்னைத் திட்டினார், பானைக்காக நான் அவரைத் திட்டினேன். இரண்டு பேரும் கத்திக்கொண்டிருந்தபோது என் ஓர்ப்படி வீட்டுப் பின்கதவு திறந்தது.

நாங்கள் பார்க்க அந்தக் கதவு திறந்து பல வாரம் ஆகியிருந்தது. என் கொழுந்தனார் ஒரு குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு நாள் காலையில் ஷிஃப்டுக்குக் கிளம்பி, ஷூ லேஸ் கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம், பிரயோஜனமில்லை. அவர்களுக்குக் குழந்தை கிடையாது. காரியமெல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் கலைந்த பிறகு அவள் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டாள். எனக்கு ஆறுதல் பேச்சு வராது. பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு பேசுகிறவர்களைப் பார்த்தால் பொறாமையாக இருக்கும். நான் சாப்பாட்டை டிபன் கேரியரில் வைத்து அவள் பின்வாசல் படியில் வைப்பேன். சாயங்காலம் அது கழுவிக் கவிழ்த்து அதே படியில் இருக்கும். எங்களுக்குள் இருந்த பேச்சுவார்த்தை அவ்வளவுதான்.

அன்றைக்கு அவள் நேரே வந்து, ஒரு கோணிச் சாக்கைத் தொட்டியில் நனைத்துக் கையில் சுற்றிக்கொண்டு, கீழே கிடந்த கயிற்றை எடுத்தாள். என் வீட்டுக்காரரைப் பார்த்து, "நீங்க தள்ளுங்க மாமா, நான் புடிக்கிறேன்" என்றாள். சுடுவதற்கு இன்னொரு பானை இருந்தது. அது நன்றாக வந்தது. தண்ணீர் தெளித்து ஓடு கழன்றபோது அவள் குனிந்து பார்த்து, நண்டு ஓடின மாதிரி கீது என்றாள். அதற்கு நான் சிரித்தேனோ அழுதேனோ, இப்போது நினைவில்லை. சாப்பாட்டை மறுநாளிலிருந்து படியில் வைக்கவில்லை, வந்து உட்கார்ந்து சாப்பிடு என்று கூப்பிட்டேன்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால் அடுப்பு, அடுப்பு என்றால் அவள். பானை செய்யக் கற்றுக்கொள் என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். அவளுக்கு அதில் இஷ்டமில்லை. நான் கயிறு பிடிக்கிறேன், அது போதும் என்றுவிட்டாள். ஆனால் மற்ற எல்லாம் அவள் பொறுப்பில் போய்விட்டது. ஒரகடத்துப் பக்கம் மரப்பெட்டி அடிக்கிற ஷெட்டுகள் நிறைய. அங்கே பைன் மரத்தூள் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். ஸ்கூட்டியில் காலடியில் மூட்டையை வைத்துக்கொண்டு அவளே போய் எடுத்து வருவாள். மழைக்காலத்தில் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறக்கப்போகிறார்களாம் என்று ஊரே போனைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவள் மரத்தூளை வீட்டுக்குள் கொண்டுபோய்க் கட்டிலுக்கு அடியில் வைத்தாள். நனைந்த தூள் புகையாது என்பது அவள் கவலை. அடுப்பின் மேலே இருக்கிற இன்னொரு ஓட்டை வழியாகப் பார்த்து, மருந்து உருகிவிட்டதா என்று சொல்வதும் அவள்தான். நெய் தடவின மாதிரி பானை மினுக்கும்போது, "இப்போ" என்பாள். ஒரு வார்த்தைதான். அவள் சொல்கிற வரைக்கும் நான் இடுக்கியைத் தொட மாட்டேன். கம்பெனியில் யார் சொன்னாலும் ஒரு தடவை எதிர்த்துப் பேசிவிட்டுத்தான் கேட்பேன். இவள் இப்போ என்றால் இப்போதான்.

பானையைக் கடைசியில் கார் பாலிஷ் போட்டு நான் தேய்ப்பதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வரும். ஸ்டியரிங் எங்கக்கா என்பாள். கொழுந்தனார் போன பிறகு அவள் முதலில் சிரித்தது அதற்குத்தான்.

அவர் போய் வருஷம் திரும்ப இரண்டு மாதம் இருக்கும்போது அவள் அண்ணன் வாலாஜாவிலிருந்து வந்தார். நல்ல மனுஷன். அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபமாகியிருக்கும், நன்றாகக் கேட்டு அனுப்பியிருப்பேன். எங்கள் ஹாலில் உட்கார்ந்து, தயங்கித் தயங்கித்தான் பேசினார். தங்கச்சி ஒற்றை ஆளாக இங்கே என்ன செய்யப்போகிறது, வருஷ காரியம் முடியட்டும், எங்களோடு வந்து இருக்கட்டும், மாடியில் ஒரு ரூம் சும்மாதான் கிடக்கிறது என்றார். என் வீட்டுக்காரர் தலையை ஆட்டினார். நான் அவளைப் பார்த்தேன். அவள் காபி டம்ளர்களைத் தட்டில் எடுத்துக்கொண்டு வாசல்படிப் பக்கம் நின்றிருந்தாள். எல்லோரும் அவளைத்தான் பார்த்தோம். அவள் தட்டைப் பார்த்தபடி, சரிண்ணா என்றாள்.

 அவள் அண்ணன் போனதும் சமையலறையில் என் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டேன். அவர் ஒன்றும் கல்நெஞ்சக்காரர் இல்லை. ஆனால் ஊர் வாயை அறிந்தவர். "இருன்னு சொன்னா, வேல செய்ய ஆள் வேணும்னு நிறுத்திக்கினாங்கன்னு சொல்லுவாங்க. போன்னு சொன்னா, வூட்ட புடுங்கிக்கினாங்கன்னு சொல்லுவாங்க. அதுவா ஒரு முடிவு எடுக்குது, வுட்டுடு" என்றார். அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த வீட்டைப் பற்றி நான் வாயைத் திறந்தால் எதுவுமே நல்லதாகக் கேட்காது. அவள் அண்ணன் வீட்டில் அண்ணி இருக்கிறாள், பிள்ளைகள் இருக்கிறார்கள், பேச்சுக்கு ஆள் இருக்கிறது. இங்கே என்ன இருக்கிறது? ஷிஃப்ட் முடிந்து வந்து வள்ளென்று விழுகிற நானும், தூங்கி வழிகிற பஸ் டிரைவரும், ஒரு ஓட்டை டிரம்மும். இதற்காக இரு என்று எந்த முகத்தோடு சொல்வது?

அதனால் பானை செய்ய உட்கார்ந்தேன். சொல்ல முடியாததைச் செய்து கொடுக்கலாம் என்று பெரிய யோசனையெல்லாம் இல்லை. கை சும்மா இருந்தால் வாய் திறந்துவிடும் என்ற பயம்தான்.

நல்ல உருண்டையாக, கழுத்தில்லாமல், இரண்டு கையாலும் அணைத்து எடுக்கிற அளவில் செய்தேன். ஏரிக்கரை மண் சுட்டால் சிவந்துவிடும், கோடு எடுபடாது. அதனால் மூட்டையில் வாங்குகிற வெள்ளைக் களிதான். டிவி பார்க்கும்போதும், போன் பேசும்போதும், மடியில் வைத்துக் கரண்டியால் தேய்த்துக்கொண்டே இருந்தேன். முதல் சூடு முடிந்து வந்தபோது அதில் என் மூக்குக்கண்ணாடி மங்கலாகத் தெரிந்தது. நான் செய்ததிலேயே அதுதான் நல்ல பானை. இதில் மட்டும் கோடு நன்றாக விழுந்துவிட்டால் போதும் என்று இருந்தது.

வழக்கமாக ஞாயிற்றுக்கிழமை காலையில் பூச்சுப் பூசி, அன்று மதியமே சுட்டுவிடுவோம். வருஷ காரியத்துக்கு அடுத்த வாரம் பார்த்து கம்பெனியில் புது மாடல் வண்டி லைனில் ஏறியது. எல்லோருக்கும் தினமும் ஓ.டி. ஞாயிற்றுக்கிழமையும் அரை நாள் கூப்பிட்டுவிடுவார்களோ என்று பயந்து, புதன்கிழமையே களிக்குழம்பைப் பூசி, பின்பக்கத்து ஷீட் கூரைக்கு அடியில் பலகை மேல் வைத்துவிட்டேன். ஞாயிறு சுடுவது, திங்கட்கிழமை காலை அவள் அண்ணன் குட்டி யானை லோடு வண்டியோடு வந்து சாமான்களை ஏற்றிக்கொள்வது என்று ஏற்பாடு.

வியாழக்கிழமை சாயங்காலம் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் போய்ப் பார்த்தேன். பூச்சில் மயிரிழை மாதிரி இரண்டு விரிசல். என்ன யோசித்தேன் என்று கேட்டால் ஒன்றும் யோசிக்கவில்லை. கை தானாகப் போய் பிரஷை எடுத்தது. விரிசலில் களிக்குழம்பை வைத்து, விரலால் இழுத்து, சுற்றிலும் மட்டம் பண்ணி, டார்ச் அடித்து சாய்த்துப் பார்த்து, சரி என்று மனசுக்குள் ஓகே ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு வந்தேன். வெள்ளிக்கிழமை வேறு இடத்தில் விரிசல். அதையும் அடைத்தேன். அடைத்த இடம் மேடாகத் தெரிந்ததால் முழுப் பானைக்கும் மெல்லிசாக இன்னொரு பூச்சு கொடுத்தேன். சனிக்கிழமையும் அதே கதை. மருந்தையும் தாராளமாகவே ஊற்றினேன். அவளுக்குப் போகிற பானை, குறை இருக்கக் கூடாது என்ற ஒரே நினைப்பு.

பலகைக்கு நேர் எதிரே அவள் சமையலறை ஜன்னல். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். உள்ளே கட்டி வைத்த மூட்டைகள் தெரிந்தன. அந்தப் பக்கம் பார்க்கக் கூடாது என்றுதான் நான் பானையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் முடியவில்லையா அக்கா என்று ஜன்னல் வழியாகக் கேட்டாள். ஆயிற்று என்றேன். குழாயை மூடிவிட்டுப் பானையை ஒரு தடவை பார்த்தாள். பிறகு மறுபடி குழாயைத் திறந்துகொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஓ.டி. இல்லை. காலை டிபன் முடித்ததும் பர்னரைப் பற்றவைத்தோம். அவள் எப்போதும் போலக் கோணியை நனைத்துச் சுற்றிக்கொண்டாள். என் வீட்டுக்காரர் பாதுகாப்பான தூரத்தில் பிளாஸ்டிக் சேர் போட்டு உட்கார்ந்திருந்தார். யாரும் நாளைக்கு என்ற வார்த்தையைச் சொல்லவில்லை.  அவள் ஓட்டைக்குள் பார்த்துக்கொண்டே இருந்தாள். வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டாள் என்று எனக்குத் தோன்றியது, ஆனால் கேட்கவில்லை. கடைசியில் இப்போ என்றாள். கயிற்றை இழுத்தாள், டிரம் எழும்பியது, நான் பானையை எடுத்தேன்.

எடுத்ததும் பூச்சு வெடிக்கிற சத்தம் கேட்க வேண்டும். சின்னச் சின்னதாக, கண்ணாடி வளையல் உரசுகிற மாதிரி கேட்டுக்கொண்டே இருக்கும். எனக்கு மிகவும் பிடித்த சத்தம் அது. அன்றைக்கு ஒன்றோ இரண்டோ கேட்டது, அவ்வளவுதான். ஏதோ தப்பு என்று தெரிந்தது. ஆனால் கையில் தணல், நின்று யோசிக்க நேரமில்லை. மரத்தூளுக்குள் இறக்கினேன், அவள் டிரம்மை இறக்கிவிட்டு ஓடி வந்து மூடியைப் போட்டாள். புகை மஞ்சளாகக் கசிந்து அடங்கியது.

ஆறட்டும் என்று காத்திருந்து, வெளியே எடுத்துத் தண்ணீர் தெளித்தேன். எப்போதும் சில்லு சில்லாக உதிர்கிற ஓடு, பாளம் பாளமாக விழுந்தது. உள்ளே பானை வெள்ளையாக இருந்தது. திருப்பினேன். அந்தப் பக்கமும் வெள்ளை. அடியிலும் வெள்ளை. ஒரு கோடு, ஒரு புள்ளி கிடையாது. எங்கள் லைனில் வந்திருந்தால் கைதட்டி அனுப்பியிருப்பார்கள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்று சாயங்காலமும் நான் உட்கார்ந்து அடைத்தது எதை என்று. புகை போக வேண்டிய வழியையெல்லாம் என் கையாலேயே பூசி மூடியிருக்கிறேன். எத்தனை பானை சுட்டவள், இந்தச் சின்ன விஷயம் தெரியாதா எனக்கு? தலையில் அடித்துக்கொண்டு ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கோபம்தான் முதலில் வந்தது. அதற்குப் பின்னாலேயே அழுகை வந்துவிட்டது. பானைக்காக அழுகிறேன் என்று நினைத்து என் வீட்டுக்காரர், இன்னொன்று செய்துகொள்ளலாம் விடு என்றார். இவளிடம் நாளைக்குக் கொடுத்தனுப்ப ஒன்றுமில்லை, அடுத்த ஞாயிற்றுக்கிழமை இவள் இங்கே இருக்கமாட்டாள், இந்த மனுஷன் இன்னொன்று என்கிறார். எனக்கு அவர் மீசையை மறுபடியும் கொளுத்த வேண்டும் போல இருந்தது.

அவள் பானையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஒட்டியிருந்த துணுக்குகளை நாரால் தேய்த்தாள். அவசரமே படாமல், சுற்றிச் சுற்றித் தேய்த்தாள். பிறகு, என்னைப் பார்க்காமல், "நீ தெனம் அதுக்கு மண்ணு அப்பிகினு இருந்தத நான் பாத்துகினுதான் இருந்தேன்க்கா" என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பார்த்துக்கொண்டு சும்மாவா இருந்தாய், இப்படி வரும் என்று உனக்குத் தெரியாதா என்றேன். தெரியும் என்றாள். தெரிந்தால் ஒரு வார்த்தை சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று கத்திவிட்டேன். பக்கத்துத் தெருவுக்கே கேட்டிருக்கும்.

"சொல்லியிருந்தா நல்லா வந்திருக்கும்க்கா" என்றாள். நார் நின்றுவிட்டது. "நல்லா வந்திருந்தா எடுத்துகினு போயிருக்கணும்."

என் வீட்டுக்காரர் சேரிலிருந்து எழுந்து, கேஸ் சிலிண்டரை மூடுகிற மாதிரி அந்தப் பக்கம் போனார். சிலிண்டரை நான் எப்போதோ மூடியிருந்தேன்.  ஊர் என்ன சொல்லும், அவள் அண்ணன் என்ன நினைப்பார் என்று இத்தனை நாளும் அடுக்கி வைத்திருந்த காரணங்களில் ஒன்றுகூட அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. நான் கேட்க வேண்டியது ஒன்றுதான் என்று மட்டும் தெரிந்தது. ஆனால் என் புத்தி, அப்போதும் சண்டையாகத்தான் வந்தது. போக இஷ்டமில்லை என்று நீ சொன்னாயா, உன் அண்ணன் கேட்டபோது சரி என்றுதானே சொன்னாய் என்றேன்.

வரியான்னு அண்ணன் கேட்டாரு, இருக்கிறியான்னு யாரு கேட்டீங்க என்றாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னைக் கொன்றது.

"இப்போ கேக்கறேண்டி" என்றேன். "எனக்கு நீ வேணும். ஆளு வேணும்னு இல்ல, நீ வேணும். இருக்கிறியா?"

அவள் பானையைக் கீழே வைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கரி ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்குப் போனது. எழுந்து உள்ளே போனாள். மூட்டைகளுக்கு நடுவில் போனைத் தேடுகிற சத்தம் கேட்டது. போனைக் காதில் வைத்தபடியே பின்படியில் வந்து நின்றாள்.

அண்ணா, நாளைக்கு வண்டி வேணாம் என்றாள். அவர் என்ன ஏது என்று கேட்டிருக்க வேண்டும். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு தடவை டிரம்மைப் பார்த்தாள், ஒரு தடவை ஈரத்தில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தாள்.

"இல்லண்ணா, யாரும் ஒண்ணும் சொல்லல. இங்க கயிறு புடிக்க என்ன வுட்டா ஆளில்ல" என்றாள்.